எதிர்பாராத செலவா? யாருக்கு எதிர்பாராதது?



"தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. நாம் சம்பளம் கூட்டிக் கேட்கும் நேரமெல்லாம் இந்தப் பேச்சும் பின்னாலேயே வரும். வெளியிலிருந்து ஒருவர் வருவார். பிள்ளைக் காம்பராவில் நம் பெண்களை உட்கார வைத்து, "மாதம் ஐந்நூறு ரூபாயாவது ஒதுக்கி வையுங்கள், எதிர்பாராத செலவு வந்தால் கைகொடுக்கும்" என்று பாடம் நடத்துவார். நாமும் கைதட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வைப்போம்.

அந்த ஐந்நூறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் வந்த 1350 ரூபாய் கணக்கில் மாதம் 20 பேர் விழுந்தால் 27,000 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2,160 ரூபாய் போனால் மிச்சம் 24,840. மூன்று நாள் நிறை குறைந்து அரைப் பேர் போட்டால் சம்பளத்தில் இன்னும் 2,025 ரூபாய் இல்லை. அதற்குப் பிறகு முற்பணம், தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில், மரண உதவிச் சங்கம் என்று சம்பளச் சிட்டையில் வரிசையாக வெட்டு. நம் சங்கச் சந்தாவும் அந்த வரிசையில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. கையில் வருவதில் கடைக்கணக்கு, கோதுமை மா, அரிசி, கரண்ட் பில். இதெல்லாம் எதிர்பார்த்த செலவு. எதிர்பாராதது இன்னும் வரவே இல்லை.

இனி அது வருகிறது. ஒரு வீட்டில் ஒரு மாதத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், உங்கள் லயத்திலும் இதுதான் நடக்கிறது. செலவை ரூபாயில் எண்ணாமல் பேரில் எண்ணுவோம், நமக்கு அதுதான் விளங்கும்.

ஆடிக் காற்றில் இரண்டு கூரைத் தகரம் கழன்றது. மழை காம்பராவுக்குள்ளேயே பெய்தது. தறப்பாள் வாங்கிக் கட்ட இரண்டு பேர் போயிற்று. நனைந்த அப்பியாசக் கொப்பிகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்க ஒரு பேர். ஈரத் தரையில் படுத்த பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மா வேலைக்குப் போகாமல் இருந்ததில் இரண்டு பேர், தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து இல்லாததால் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்ததில் ஒரு பேர். தண்ணீர் இறங்கிய சுவரில் வயர் புகைந்தது. நல்ல வேளை, பகல் நேரம். வயர்மேனுக்கு ஒரு பேர். அடுத்த வாரம் மலையில் குளவி கொட்டி அப்பா மூன்று நாள் படுக்கை, மூன்று பேர். மாதக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் மாமனார் வழியில் ஒரு சாவு. இரண்டு நாள் வேலை போனது, பஸ்ஸுக்கும் செய்முறைக்கும் இன்னொரு பேர்.

கூட்டிப் பாருங்கள், 13 பேர். இருவர் வேலை செய்யும் அந்த வீட்டின் 40 பேரில் 13. ரூபாயில் 17,550. உண்டியலில் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டிருந்தால் இந்த ஒரு மாதத்துக்கு ஈடு செய்ய மூன்று வருடம் சேர்த்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்திலும் ஆடி மாதம் வராமல் இருந்திருக்க வேண்டும்.

சரி, இந்த 13இல் எது எதிர்பாராதது? சாவைச் சொல்லலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதையும் ஒரு பேச்சுக்கு விட்டுவிடலாம். ஆனால் ஆடியில் காற்றடிக்கும் என்பது மலைநாட்டில் யாருக்குத் தெரியாது? மழையைப் பார்த்து உரம் போடும் நாள் குறிக்கிற நிர்வாகத்துக்கு, அந்த மழை லயத்தின் மேலும் பெய்யும் என்று தெரியாதா? தொழிற்சாலைக் கூரையில் ஒரு தகரம் ஆடினால் அன்று பின்னேரமே ஆள் ஏறுகிறது. லயத்துத் தகரத்துக்கு மட்டும் "எஸ்டிமேட் போட்டிருக்கிறது" என்ற பதில்.

லயம் யாருடையது? நமக்கு உறுதி இல்லை, நிலம் இல்லை. இஸ்தோப்பில் ஒரு சுவர் எழுப்பினாலும் கந்தோரிலிருந்து கடிதம் வருகிறது, தோட்டத்துச் சொத்தில் கை வைத்தாய் என்று. சுவர் எழுப்பும்போது அது தோட்டத்துச் சொத்து, கூரை ஒழுகும்போது மட்டும் உன் வீடா? தறப்பாளுக்கு இரண்டு, கொப்பிக்கு ஒன்று, வயருக்கு ஒன்று, மருந்தில்லாத டிஸ்பென்சரியால் போன ஓட்டோவுக்கு ஒன்று, குளவிக்கு மூன்று. 13இல் 8 பேர், அதாவது 10,800 ரூபாய், தோட்டம் பார்க்க வேண்டிய காரியத்துக்காக ஒரு தொழிலாளி வீட்டிலிருந்து போயிருக்கிறது. இதை நாம் எதிர்பாராத செலவு என்று சொல்ல மாட்டோம். கம்பனியின் செலவை நம் தலையில் கட்டியது என்று சொல்வோம்.

இப்படி எழுதினால் உடனே ஒரு பதில் வரும்: "தவறணையில் கொட்டும் காசை என்ன சொல்கிறீர்கள்?" குடி நம் வீடுகளைக் கெடுக்கிறது, உண்மைதான், அதை மூடி மறைக்க வேண்டிய தேவை சங்கத்துக்கு இல்லை. ஆனால் தகரம் பறந்தது குடித்ததாலா? ஒரு சொட்டும் தொடாத வீட்டில், பெண் ஒருத்தியின் உழைப்பில் நடக்கிற வீட்டில், கூரை ஒழுகாமலா இருக்கிறது? குடியைக் காட்டிக் கூரையை மறைக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்த வேண்டும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அடுத்த வருடம் நாடே விழுந்தது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அரிசி, மா, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. 1000 ரூபாய் மட்டும் அப்படியே நின்றது. 1350 ஆனது 2024 செப்டம்பரில். இடையில் போன மூன்றரை வருடத்தில் நம் வீடுகள் எப்படி நடந்தன என்று சேமிப்புப் பாடம் நடத்த வருகிறவர்கள் கேட்டதுண்டா? தோடும் தாலிக்கொடியும் அடகுக்குப் போயின. அதை மீட்க நுண்கடன், அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு நுண்கடன். வாரா வாரம் லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்பது அப்படித்தான். தவணைக்காரன் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் சகோதரிகளுக்குச் சிக்கனம் பற்றி நாம் ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தேங்காயை இரண்டு நாளுக்கு வைப்பவர்கள் அவர்கள்.

ஆகவே கேட்பதை முறையாகக் கேட்போம். கூரை ஒழுகினால் பெரட்டில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கடதாசியில் எழுதி, லய இலக்கமும் காம்பரா இலக்கமும் திகதியும் போட்டு, கந்தோரில் ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம், தோட்டத் தலைவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். தறப்பாள், வயர் என்று கைக்காசு போட்டிருந்தால் கடைச் சிட்டையை எறிய வேண்டாம்.

குளவி கொட்டினால், மலையில் விழுந்தால், முதலில் அதைத் தோட்டப் பதிவில் எழுத வைக்க வேண்டும். ஆஸ்பத்திரித் துண்டில் வேலை நேரத்தில் நடந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். வேலையில் வரும் காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. ஓரிரு நாள் படுக்கைக்கு அதில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆனால் பதிவில்லாத காயம் நாளைக்குப் பெரிதானால், அது வேலையில் வந்தது என்று காட்ட நம் கையில் எதுவும் இருக்காது.

சங்கம் நிர்வாகங்களிடம் வைக்கும் கோரிக்கையில், கூரை, வயர், தண்ணீர்க் குழாய் பழுது தோட்டச் செலவில் ஒரு வாரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும் என்பதும், அவசரத்துக்கு வட்டியில்லா முற்பணம் வேண்டும் என்பதும் இந்த முறை மேலே இருக்கும். அதற்கு ஆதாரம் தேவை. அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும் தலைவர்மாரும் தலைவிமாரும் தங்கள் தோட்டத்தில் ஒழுகும் காம்பராக்களின் பட்டியலை லய இலக்கத்தோடு கொண்டு வரவும். கூரையின் படம் எடுக்க முடிந்தால் மழை பெய்யும்போதே எடுங்கள்.