கழிவன்று, ஊட்டம்!

நீராடறையிலும் அடுக்களையிலும் நாம் கொட்டும் நீர் குழாய்வழி மறைந்தவுடன் 'கழிவு' என்று பெயரிட்டுக் கைகழுவி விடுகின்றோம். அப்பெயரே நம் கண்ணைக் கட்டிவிட்டது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோகச் சென்னை மக்கள் குடமேந்தித் தெருவில் நின்றனர். அதே ஆண்டில்தான் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளும் மேனிலைத் தூய்மிப்பு நிலையங்கள் இரண்டு இயங்கத் தொடங்கின. நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்று தெளிவித்த நீரை மேலும் வடித்து, ஈற்றில் உப்பையும் தடுக்கும் நுண்சவ்வினூடே அழுத்தி எடுக்கின்றனர். அந்நீர் மணலிக்கும் ஒரகடத்திற்கும் ஆலைகளை நாடிச் செல்கின்றது. ஆலை குடிக்கும் அளவிற்கு ஏரிநீர் மக்களுக்கு மிச்சம்! வண்டலை நொதிக்கவிட்டு எரிவளி பிரித்து மின்னாற்றலும் ஆக்குகின்றனர். போற்றத்தக்க பணியே.

ஆயினும் நீரை மீட்பதிற் காட்டிய முனைப்பு, அதிற் கரைந்துள்ள ஊட்டத்தை மீட்பதில் இல்லை. உழவர் 'மணிச்சத்து' என்பரே ('சத்து' வடசொல், மணியூட்டம் என்க), கதிரில் மணிபிடிக்கச் செய்யும் அப்பொருள், சோற்றோடு நம் உடலுட் சென்று சிறுநீரோடு வெளியேறுகின்றது. வயலுக்குத் திரும்பவேண்டிய அது ஆற்றிலும் கடலிலும் கலந்து பாசியை வளர்க்கின்றது. இங்கோ, உரத்திற்கு வேண்டும் மணியூட்டப் பாறையில் பெரும்பகுதியை மொராக்கோ, யோர்தான் முதலிய நாடுகளிலிருந்து கப்பலேற்றிக் கொணர்கின்றனர். வீட்டிலுள்ள பொன்னைத் தெருவிற் கொட்டிவிட்டு அண்டை வீட்டிற் கடன் கேட்கும் அறிவுடைமையை என்னென்பது?

இதனை மீட்கும் வழி புதிதுமன்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துத் தர்காம் நிலையத்தில் 2009ஆம் ஆண்டே தொடங்கிவிட்டனர். தூய்மிப்பு நிலையக் குழாய்களிற் கல்லாய்ப் படிந்து அடைக்கும் உப்பொன்றுண்டு. மணியூட்டமும் தழையூட்டமும் வெளிமமும் சேர்ந்தது அது. நீரில் வெளிமத்தைக் கூட்டி, அவ்வுப்பைத் தனிக்கலத்தில் மணிமணியாய் உறையச் செய்தால் உரமாகிவிடுகின்றது. குழாயும் அடைபடுவதில்லை.

பின் இங்குத் தடையென்ன? அருவருப்பே! நமீபியாவின் தலைநகர் விண்டூக்கில் 1968 முதலே தூய்மித்த நீரைக் குடிநீராகக் கொள்கின்றனர். தமிழ் ஆட்சிமொழியாயுள்ள சிங்கையில் 2003 முதல் வழங்கும் அத்தகு நீருக்குப் 'புதுநீர்' என்றே பெயர். நமக்கோ அருவருப்பு நீரோடு நிற்கவில்லை. அதைத் தொடுவோர் மேலும் படிகின்றது. ஒரு பிறப்பினரே குழியில் இறங்கவேண்டுமென்று வகுத்த சாதியின் அருவருப்பு அது. கையால் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன் பின்னும் நச்சுவளியில் மூச்சடைத்துச் சாவோர் உளர். அவர்தம் குடும்பத்திற்கான இழப்பீட்டை 10 இலக்கத்திலிருந்து 30 இலக்கம் உருபாவாக 2023இல் உச்ச நயன்மன்றம் உயர்த்த வேண்டியிருந்தது.

கொடுங்கையூரில் மணியூட்டம் பிரிக்கும் கலமொன்றை அரசு நிறுவுக. அவ்வுரத்தைச் செங்கற்பட்டு, திருவள்ளூர் உழவர்க்குக் குறைந்த விலையில் தருக. அவ்வருவாயின் முதற்பங்கு, குழிக்குள் மாந்தர்க்கு மாற்றாய் இறங்கும் பொறிகளுக்கே செல்க.