முதலாளியின் மனச்சாட்சியும் தொழிலாளியின் கூலியும்

உழைத்தவருக்குரிய கூலியை அவர் எவ்வாறு செலவிட வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை முதலாளிக்கு உண்டா? இல்லை என்றே எவரும் தயங்காது கூறுவர். ஆனால் அக்கூலியின் ஒரு பகுதி மருத்துவக் காப்பீடாக வழங்கப்படும்போது, அதே வினாவுக்கு அமெரிக்க நாடு எளிதில் விடை காண இயலாமல் தடுமாறியது. ஊழியர்களின் கருத்தடைச் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டுமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. சமய நம்பிக்கை உடைய அனைவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வழக்கு இது.

அந்நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், வேலை தரும் நிறுவனத்தின் வாயிலாகவே மருத்துவக் காப்பீடு பெறுகின்றனர். இவ்வழக்கம் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டில், அரசு ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஊதியத்தை உயர்த்த இயலாத நிறுவனங்கள் அதற்கு ஈடாகக் காப்பீட்டை வழங்கி ஆட்களைச் சேர்த்தன. ஆகவே காப்பீடு என்பது முதலாளி மனமிரங்கி இடும் தர்மம் அன்று. உழைப்பால் ஈட்டிய ஊதியத்தின் மறுவடிவமே ஆகும்.

அதிபர் ஒபாமா 2010 மார்ச்சில் கையெழுத்திட்ட சட்டம், நோய்த் தடுப்புச் சேவைகளைத் தனிக் கட்டணமின்றி வழங்குமாறு காப்பீடுகளைப் பணித்தது. அதன்கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள் கருத்தடையையும் அச்சேவைகளுள் சேர்த்தன. கைவினைப் பொருள் கடைகளை நடத்தும் 'ஹாபி லாபி' நிறுவனத்தின் உரிமையாளரான கிறிஸ்தவக் குடும்பத்தினர் இதை எதிர்த்து வழக்காடினர். அனுமதிக்கப்பட்ட 20 முறைகளுள் 4 முறைகள், கருவுற்றபின் அக்கருவை அழிக்கக்கூடும் என்பது அவர்களது நம்பிக்கை. சமய உரிமை பற்றிய 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் கூறியவை கருதத் தக்கவை. கருப்பையில் பொருத்தும் சாதனத்திற்கு ஆகும் செலவு, குறைந்தபட்சக் கூலி பெறும் பெண்ணின் ஒரு மாத ஊதியத்தை நெருங்குகிறது என அவர் சுட்டிக் காட்டினார். இன்று கருத்தடையை மறுக்கும் முதலாளியைப் போல, நாளை இரத்தம் ஏற்றுவதை ஒருவரும், பன்றியிலிருந்து பெறப்படும் பொருள் கலந்த மருந்துகளை வேறொருவரும் மறுத்தால் என்ன செய்வது என்றும் வினவினார். இவ்விரண்டாம் உதாரணத்தில் அவர் முஸ்லிம்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆகவே இவ்வினா நம் வாயிற்படிக்கும் வந்துவிட்டது. தன் கொள்கைக்காக அத்தகைய மருந்தை ஒரு முஸ்லிம் விலக்கலாம். தன்னிடம் பணிபுரியும் வேற்றுச் சமயத்தவருக்கும் அதை விலக்கிவைக்க அவருக்கு உரிமை ஏது?

சமய நம்பிக்கைக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆர்க்கன்சாஸ் மாநிலச் சிறையில் ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி வைத்துக்கொள்ள அனுமதி கோரினார். 2015 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து அவர் பக்கம் நின்றனர். இரு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டையும் கின்ஸ்பர்க் அம்மையாரே எடுத்துரைத்தார்: கைதியின் கோரிக்கையால் அவரது நம்பிக்கையைப் பகிராத பிறருக்கு எத்தீங்கும் இல்லை. அவர் தாடி அவர் முகத்தில் வளர்வது. ஹாபி லாபி முதலாளியின் கொள்கையோ பிறர் உடலின்மேல் சுமத்தப்படுவது.

கருத்தடை பற்றி நம் மார்க்க அறிஞர்கள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். எனினும், 1111-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், தாயின் உயிருக்கு அஞ்சியும், மிகுந்த பிள்ளைகளால் நேரும் நெருக்கடிக்கு அஞ்சியும் கருவுறுதலைத் தவிர்ப்பதைத் தடுக்கப்பட்டதாகக் கொள்ளவில்லை. ஹனஃபி மத்ஹபு உள்ளிட்ட சட்ட அறிஞர் பலர், கணவன் தானாகக் கருவுறுதலைத் தவிர்ப்பதற்கும் மனைவியின் சம்மதம் வேண்டும் என்றனர். கட்டிய கணவனே கேட்டறிய வேண்டிய செய்தியில், மாதச் சம்பளம் தருபவர் மட்டும் கேளாமலே முடிவு செய்யலாமா?

"நான் பாவமெனக் கருதும் செயலுக்கு என் பணம் செல்லலாமா?" என்று அம்முதலாளி கேட்பது நியாயமே. அதற்கு வழியும் காணப்பட்டிருந்தது. சமய நிறுவனம் தன் மறுப்பை எழுதித் தெரிவித்தால், காப்பீட்டு நிறுவனமே அச்செலவைத் தனியே ஏற்கும். முதலாளி விலகி நிற்கலாம். பெண்ணும் மருந்தை இழக்கமாட்டாள். ஆயினும் அவ்வாறு எழுதித் தருவதும் பாவத்திற்குத் துணைபோவதாகும் எனச் சிலர் வாதிட்டனர். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழு விலக்களிக்கும் விதிகளை 7-க்கு 2 என்ற கணக்கில் ஏற்றது. இதனால் ஏறத்தாழ 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை காப்பீட்டில் கருத்தடைச் சேவையை இழக்கக்கூடும் என்பது அரசின் மதிப்பீடு.

ஒருவர் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பது ஒன்று. பாதையையே அடைத்து நிற்பது வேறொன்று. முன்னதை மதிப்பது நீதி. பின்னதை அனுமதிப்பது அநீதி. மிகுந்த இரத்தப் போக்குக்காக அம்மாத்திரையை உண்ணும் பெண்ணும், அடுத்த பிரசவத்தில் உயிர் போகும் என மருத்துவரால் எச்சரிக்கப்பட்ட தாயும் அப்பாதையில்தான் நடந்து வருகின்றனர். எனவே காப்பீடு கருத்தடைச் செலவை ஏற்கத்தான் வேண்டும். வேண்டாதவர் அதைப் பயன்படுத்தாதிருக்கட்டும். மனச்சாட்சி இறைவன் தந்த அமானிதம். அது தன்னைத்தானே கணக்குக் கேட்பதற்கேயன்றி, ஏழைப் பெண்ணின் கூலியில் கை வைப்பதற்கு அன்று.