கடிதத்தில் வந்த புழு

பீளமேட்டுப் பம்புத் தொழிலதிபரும் திருப்பூர்ப் பனியன் முதலாளியும் இப்போது தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்காருவதில்லை. பில்லும் ஆர்டரும் மின்னஞ்சலிலேயே வந்துவிடுகின்றன. புழுவும் அதே வழியாகத்தான் வருகிறது.

2000-ஆம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய ஒரு கடிதத்தின் தலைப்பு, 'ஐ லவ் யூ'. தெரிந்தவர் பெயரில் வந்த காதல் கடிதத்தை யார்தான் பிரிக்காமல் இருப்பார்? உடன் வந்த இணைப்பைத் திறந்ததும் அது படங்களை அழித்தது. விலாசப் புத்தகத்திலிருந்த அத்தனை பேருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் படுத்துவிட்டன. செய்தவரைத் தண்டிக்கவோ, பிலிப்பைன்ஸில் அன்று சட்டமே இல்லை!

ஆகவே, மைத்துனர் பெயரைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள். அனுப்பியது அவர் கணினியில் குடிபுகுந்த புழுவாக இருக்கலாம். டெலிபோனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இணைப்பைத் திறவுங்கள்.

புழு புகுந்துவிட்டதா? முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். நோயில்லாத வேறொரு கணினியிலிருந்து புழு நீக்கும் மென்பொருளைக் கொண்டுவந்து முழுவதும் சோதியுங்கள். மத்திய சர்க்கார் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் இத்தகைய கருவிகளை இலவசமாகவே தருகிறது. கடவுச்சொற்களையும் அந்த நல்ல கணினியிலிருந்தே மாற்றுங்கள். விலாசப் புத்தகத்திலுள்ளவர்களையும் எச்சரித்துவிடுங்கள். அழிந்துபோன கல்யாணப் படங்கள் மட்டும், வேறிடத்தில் பிரதி இருந்தாலொழியத் திரும்புவது அரிது.