சொல்லிச் செல்லும் மௌனம்

இர்விங்கில் வளர்ந்த இளைஞர் ஒருவர் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லத் தீர்மானித்தார். தாயார் அகமகிழ்ந்தார். "யாத்திரை முடியும்வரை கைத்தொலைபேசியைத் தொடமாட்டேன்" என்று மகன் அடுத்துச் சொன்னதும் அம்மகிழ்ச்சி அச்சமாயிற்று. "ரீச்சர், நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேணும்" என்று என்னிடம் வந்தார்.

இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படும் யாத்திரிகர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கீழைக்கரை வழியே ஒன்றரை மாதத்துக்கு மேலாக நடக்கின்றனர். உகந்தை முருகனை வணங்கியபின் குமண, யால காடுகளுக்குள் புகுகின்றனர். வழியில் பெயரும் பதவியும் மறைந்து, ஒருவரையொருவர் "சாமி" என்றே அழைக்கின்றனர். செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் பூசகர் வாயைத் துணியாற் கட்டியே பூசை செய்கின்றார். மௌனத்தில் தொடங்கி மௌனத்தில் முடியும் யாத்திரையில், இடையிடையே படம்பிடித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது பொருந்துமா? மகன் கேட்டது இதையே.

தாயாரின் அச்சமோ வேறு. 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் தொலைபேசியும் மின்சாரமும் இல்லை. வெளிநாட்டிலிருந்த அண்ணனின் கடிதம் வரும்வரை என் அன்னை படலையடியிலேயே நின்றதை நான் அறிவேன். 2009இல் வன்னியிலிருந்து வந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதை நம்மிற் பலர் அறிவோம். அவ்வழைப்புகளுக்காக இன்றும் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய சமூகத்தில் ஒலிக்காத தொலைபேசியை "அமைதி" என்று எவரும் எளிதில் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

ஆயினும் முன்னோர் எவ்வாறு சென்றனர்? வீட்டாரிடமும் அயலாரிடமும் விடைபெற்றே சென்றனர். எவ்வழியாற் போகின்றோம், எப்போது திரும்புவோம் என்பதை உணர்த்திவிட்டே படலையைக் கடந்தனர். விடைபெறுதலும் விரதத்தின் ஒரு பகுதியே. சொல்லாமல் வந்த மௌனமே நம்மைச் சுட்டது. சொல்லிவிட்டுச் செல்லும் மௌனம் அவ்வாறு சுடாது.

தாயையும் மகனையும் ஒருங்கே இருத்திப் பேசினேன். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் ஆகிய மூன்று இடங்களிலிருந்து மட்டும் அழைப்பதென்று முடிவாயிற்று. இங்கே இரவு எட்டரை மணி, அங்கே காலை ஏழு. மற்ற நேரங்களில் தொலைபேசி அணைக்கப்பட்டுப் பைக்குள் இருக்கும். உடன்செல்லும் குழுத்தலைவரின் இலக்கம் தாயாரிடம் இருக்கும். உகந்தையில் இறுதியாக ஒருமுறை பேசி, காட்டைக் கடக்க எத்தனை நாள் ஆகுமென்று மகன் சொல்லவேண்டும். அந்நாட்கள் கழியும்வரை தாயார் அழைக்கக்கூடாது. யானையும் கரடியும் திரியும் காட்டில் தனித்து நடப்பதில்லையென்று மகன் வாக்களித்தார்.

"நான் அழையாமல் இருப்பதும் ஒரு விரதந்தானே, ரீச்சர்?" என்றார் தாயார்.

ஆம், அம்மா. அவர் நடக்கின்றார், நீங்கள் காத்திருக்கின்றீர்கள். இரண்டும் நேர்த்தியே.

இவ்வாண்டு யாத்திரை செல்ல எண்ணியுள்ள பிள்ளைகளுக்கு நான் வேண்டுவது இவ்வளவே: தொலைபேசியை அணைக்குமுன், வீட்டிலிருப்பவரிடம் விடைபெறுங்கள்.