கல் வேண்டாம்... கண் போதும்!



பனைமரத்தில் பானை மாதிரி ஒரு கூடு தொங்குகிறது. பார்த்ததும் உங்கள் கை எதைத் தேடும்? கல்லைத்தானே! அந்தக் கல்லைக் கீழே போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

கூட்டேரிப்பட்டு, மயிலம், திண்டிவனம் பக்கம் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. அதில் கதண்டு கூடு கட்டுவதும் உண்டு. கடந்தை, விஷ வண்டு என்றும் இதைச் சொல்வார்கள். கூட்டைக் கலைத்தால் துரத்தித் துரத்திக் கொட்டும். கொட்டுப்பட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. அதனால் பயப்படுவது சரிதான். ஆனால், அந்தப் பயத்தில் தேன்கூட்டையும் கதண்டுக் கூடு என்று நினைத்துத் தீ வைத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்!

நம் பகுதியில் விளையும் தர்பூசணியையே பாருங்கள். அதன் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ போன்ற பூச்சிகள் பெண் பூவுக்குக் கொண்டுபோனால்தான் காய் பிடிக்கும். தேனீ இல்லாவிட்டால் கோடையில் ஜில்லென்று கடிக்கப் பழம் ஏது?

இரண்டையும் பிரித்து அறிவது எளிது. தேனீ சிறியது, உடம்பில் மெல்லிய ரோமம் இருக்கும். அதன் அடை மெழுகால் ஆனது. கதண்டு தேனீயைவிடப் பெரியது. கருத்த உடம்பில் அகலமான மஞ்சள் பட்டை இருக்கும். மரத்தைச் சுரண்டி, மென்று, காகிதம் போலாக்கிக் கூடு கட்டும். கூடு முழுவதும் மூடியிருக்கும். போய்வர ஒரு வாசல் இருக்கும்.

கதண்டு தேனீயைப் பிடித்துத் தின்னும். ஆனாலும், அது நம் மண்ணின் பூச்சிதான். தேனீயும் சும்மா விடாது! அடுக்குத் தேனீ இனத்துக்கு ஒரு வித்தை தெரியும். வந்த எதிரியை நூற்றுக்கணக்கில் பந்துபோலச் சூழ்ந்துகொண்டு, உடம்பை அதிரவைத்துச் சூடேற்றும். ஜப்பானில் விஞ்ஞானிகள் அளந்தபோது, அந்தப் பந்துக்குள் சூடு சுமார் 46 டிகிரி செல்சியஸ்! எதிரி வெந்து செத்துவிடும், தேனீக்கள் தாங்கிக்கொள்ளும்.

பழகாத எதிரி வந்தால்தான் ஆபத்து. 2019-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆசிய ராட்சதக் கதண்டு தலைகாட்டியது. சில கதண்டுகள் சேர்ந்தால் சில மணி நேரத்தில் ஒரு தேனீக் கூட்டத்தையே அழித்துவிடும். அங்கே வளர்க்கும் ஐரோப்பியத் தேனீக்கு அதைச் சமாளிக்கும் வித்தை தெரியாது. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் ஒரு கதண்டின் உடம்பில் குட்டி ரேடியோ கருவியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். அது போன வழியே போய், 2020 அக்டோபரில் முதல் கூட்டைக் கண்டுபிடித்தார்கள்.

அவர்களுக்குப் பெரிய துணை யார்? சாதாரண மக்கள்! அந்த மாநிலத்தில் உறுதியான கண்டுபிடிப்புகளில் பாதி, பொதுமக்கள் பார்த்துச் சொன்னவை. 2024 டிசம்பரில், அந்தக் கதண்டு முற்றிலும் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

சரக்கோடு சரக்காகப் பூச்சிகள் நாடு தாண்டும். 2018-ல் கர்நாடகாவில் கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டில் தமிழக மக்காச்சோள வயல்களையும் மேய்ந்தது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிற கூட்டேரிப்பட்டு வழியாகத் தினமும் எத்தனை லாரிகள் போகின்றன! எந்த லாரியில் எந்தப் பூச்சி பயணம் செய்கிறதோ, யார் கண்டார்கள்? நீங்கள் காணலாம்!

இனி, கூட்டைக் கண்டால் இப்படிச் செய்யுங்கள்:

* கல் எறியாதீர்கள். தீ, புகை காட்டாதீர்கள். தூரத்தில் நின்றே பாருங்கள்.
* எந்த இடம், எந்த மரம், எவ்வளவு உயரம், பூச்சியின் நிறம் என்ன என்று குறித்துக்கொண்டு, உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.
* பள்ளி, வீடு, நடைபாதை அருகே கதண்டுக் கூடு இருந்தால், தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் பெரியவர்கள் சொல்லட்டும்.
* யாரையாவது கதண்டு கொட்டிவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.
* இதுவரை பார்க்காத பூச்சி என்றால், பெரியவர்களை விட்டுத் தூரத்திலிருந்து படம் எடுத்து, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் ஊர் வேளாண் அலுவலருக்கோ காட்டச் சொல்லுங்கள்.

மரத்தை அண்ணாந்து பார்க்கப் பெரியவர்களுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கிறது. நன்றாகப் பாருங்கள், தெரிந்துகொள்ளுங்கள், தெளிவாகச் சொல்லுங்கள். தேனீயும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்!

அன்புடன்,
ஆசிரியர்