பங்காளி நோட்டில் இல்லாதவர்கள்

மாசிச் சிவராத்திரி வந்தால் ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிக்கும் கூட்டம் இன்றும் குறையவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரரும் சென்னை ஐ.டி. பையனும் அன்று ராத்திரி குலசாமி முன்னால் நின்றாக வேண்டும். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி போகும். கோயில் திண்ணைகளில் கோடு போட்ட நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வரி வாங்குவார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சாமானியர்களின் வம்சாவளி எங்காவது எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் அந்த நோட்டில்தான். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் அப்பன் பெயர், எந்த வகையறா, போன வருஷத்துப் பாக்கி எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் பிடிமண் எடுத்துப் போய் வேறு ஊரில் சாமியை நிலைநிறுத்தியிருந்தால், எந்த ஊர் மண் என்பதைப் பூசாரி சொல்லிவிடுவார். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் கருப்பன் மகன் மாயன், மாயன் மகன் கருப்பன் என்று பட்டியல் மாறி மாறிப் போகும். நாலு தலைமுறை தாண்டினால் எந்தக் கருப்பன் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நோட்டில் பெண் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுகிறாள். வந்த மருமகளின் பிறந்த வீட்டுக் கதையைக் கேட்பாரில்லை. வேர் தேடுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தப் பாதிக் கணக்கைத்தான் என்பது நம் எண்ணம்.

விஞ்ஞானம் வந்து குறையைத் தீர்க்கும் என்று பார்த்தால், பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போன அதன் முதல் கதையும் பங்காளிக் கதையாகவே இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் இங்குள்ள ஊர்களில் ரத்த மாதிரி எடுத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் எம்130 என்ற மரபணு அடையாளம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதிமனிதர்களின் தடம் அது என்று ஸ்பென்சர் வெல்ஸ் தன் புத்தகத்திலும் ஆவணப்படத்திலும் சொல்ல, ‘முதல் இந்தியர்’ என்ற பட்டம் அந்த மனிதருக்குக் கிடைத்துவிட்டது. ஆராய்ச்சி பெரியது, சந்தேகமில்லை. பட்டம்தான் பிழை. எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1024 முன்னோர்களுக்கு இடம் இருக்கிறது. ஒய் குரோமோசோம் பேசுவது அதில் ஒரே ஒருவரைப் பற்றி. மிச்சம் 1023 பேர் என்ன ஆனார்கள்?

இன்னொன்று, அவர் ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்குப் பாட்டன் அல்ல. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் பொதுவாக ஒரு பாட்டன் இருந்தான், அவ்வளவுதான். அதே எம்130-இன் வேறொரு கிளை மங்கோலியாவில் ஏராளம். (மதுரையில் செங்கிஸ்கானுக்கு இன்னும் யாரும் ஃபிளெக்ஸ் வைக்காதது ஆறுதல்.)

தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா வேறு கதை சொல்கிறது. இந்தியாவில் பெரும்பாலோரின் தாய்வழி பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணிலேயே கிளைத்தது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையமும் ஹார்வர்டும் சேர்ந்து 73 இந்தியக் குழுக்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது: ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தங்களுக்குள்ளேயே மணம் என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டுப் பூட்டன் பூட்டிகளுக்குப் பதில் ஆறு பேர்தான் என்பது சாத்திய கதவுக்குள்ளும் இன்னொரு கதவு.

ஆனால் சுவரொட்டிகளைப் பாருங்கள். எந்தச் சாதிக்காரர் தெருவானாலும் ‘ஆண்ட பரம்பரை’. ஒரு நூற்றாண்டுக்கு முன் வெள்ளைக்காரன் இதே மண்ணில் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, ஒரு சமூகத்து ஆண்களின் கைரேகையைப் பதிவேட்டில் வாங்கினான். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரே பெண் மாயக்காள். நடத்தை ரத்தத்தில் இறங்குகிறது என்று நம்பியவன் எழுதிய சட்டம் அது. ஆண்ட பெருமை ரத்தத்தில் இறங்குகிறது என்று ஃபிளெக்ஸ் கட்டுகிறவரும் அதே நம்பிக்கைக்காரர்தான்; தனக்குச் சாதகமாக நம்புகிறார், வேறு வித்தியாசமில்லை.

மாயக்காள் பெயர் நமக்குக் கிடைத்தது குண்டு பட்டதால். இந்தப் பக்கத்தில் சீலைக்காரி என்று பெண்சாமிகள் பல வீடுகளுக்குக் குலதெய்வம். அவற்றின் கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் கொலையுண்டவள், தீப்பாய்ந்தவள். பெண் வம்சக் கதைக்குள் நுழைய அகால மரணம் வேண்டியிருந்திருக்கிறது.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. பெண்ணின் பெயரையும் பிறந்த ஊரையும் ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் ஆள்பிடித்து அனுப்பிய குடியேற்ற ஏஜென்டுகள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16-இல் நேட்டாலின் டர்பனில் 342 ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெண்ணுக்கும் தனி எண், வயது, தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவு உண்டு. சரக்குக்கு ரசீது எழுதிய எழுத்து அது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டுதான் நாலாம் தலைமுறைத் தென்னாப்பிரிக்கர் இன்று நம் கிராமங்களுக்கு வந்து பூட்டியின் ஊர் இதுதானா என்று கேட்கிறார். கங்காணியின் பின்னால் மதுரை, ராமநாதபுரத்திலிருந்து நடந்தும் தோணி ஏறியும் மன்னார் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலும் இல்லை.

2025-இல் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த பழங்கால மண்டையோடுகளுக்கு முகம் வரைந்து கொடுத்தபோது ‘நம்ம தாத்தா மாதிரியே இருக்காரே’ என்று ஊரே பகிர்ந்தது. இரண்டும் ஆண் முகங்கள். கொந்தகைத் தாழிகளிலிருந்து ஒரு பெண் முகமும் வரட்டும், காத்திருக்கிறோம். அதுவரை காத்திருக்க முடியாதவை வீட்டுக்குள் இருக்கின்றன. எச்சில் அனுப்பி வெளிநாட்டிலிருந்து மரபணுச் சதவீதம் வரவழைக்கக் காசு கொடுப்பதற்கு முன்னால், எண்பதைத் தாண்டிய ஒருத்தி உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவளிடம் போங்கள்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் அப்பத்தா, அம்மாச்சி இருவரின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், அவர்களுடைய தாயார் பெயர், தாயார் பிறந்த ஊர், பிறந்த வீட்டுச் சாமி, எந்தப் பஞ்சத்தில் அல்லது எந்தக் கல்யாணத்தில் ஊர் மாறினார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். சாதிப் பெயர் வேண்டாம். வருபவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.