தியேட்டர்ல பாத்ததும் வீட்ல பாத்ததும்

2014 தீபாவளிக்கு 'கத்தி' படத்தைத் தியேட்டர்ல பாத்தேன். தண்ணியைப் பத்தி விஜய் பேசுனப்போ நானும் எந்திரிச்சு விசிலடிச்சேன். மறுநாள் வயலுக்குப் போனா எல்லாம் பழையபடிதான்.

2022 பிப்ரவரியில 'கடைசி விவசாயி' வந்துச்சு. விவசாயி பொழப்பைத்தான் தினமும் பாக்குறோமே, இதுக்கு டிக்கெட் வேறயான்னு போகல. பல மாசம் கழிச்சு வீட்ல, மகன் போன்லதான் பாத்தேன்.

மயிலைக் கொன்னதா வழக்குப் போட்டு பெரியவர் மாயாண்டியை உள்ள வைக்கிறாங்க. அவருக்குத் தன்னைப் பத்திக் கவலையே இல்ல. பயிருக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் இல்லையேன்னுதான் கவலை. கண்ணு கலங்கிருச்சுங்க. போன வருசம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, நானும் வந்தவங்ககிட்ட எல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

மாயாண்டியா நடிச்ச நல்லாண்டி ஐயா நிஜத்துலயும் விவசாயி. படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். தேசிய விருதுல அவர் பேரைச் சொன்னப்பவும் அவர் இல்ல.

விவசாயிக்காக வசனம் பேசுனவரைப் பாக்க டிக்கெட் எடுத்தேன். விவசாயியையே பாக்க எடுக்கல. நம்ம கஷ்டம் ஊருக்குத் தெரியலைன்னு இனி நான் எந்த வாயால சொல்றது? அந்தப் படத்தை மறுபடி தியேட்டர்ல போட்டா குடும்பத்தோட போவேன். அது நான் கட்ட வேண்டிய பாக்கி.